மருந்துவாழ் மலை அரைமணி நேர ஏற்றம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மருந்துவாழ் மலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உச்சியில் இருந்து எடுத்த படம் அருமை. ஆனால் ‘அரைமணி நேரத்தில் ஏறிவிடலாம்’ என்று போட்டிருந்ததை மட்டும் தயவுசெய்து திருத்துங்கள். பொற்றையடியில் பிறந்து, சின்ன வயதில் இருந்தே இந்த மலையில் ஏறி இறங்குகிறவன் சொல்கிறேன்.

அடிவாரத்தில் படிகள் இருப்பதைப் பார்த்து, மேலே வரை இப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்புறம்தான் தெரியும். பாறைகளில் கையூன்றி ஏற வேண்டிய செங்குத்தான இடங்கள் உண்டு. வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறையில் உள்ளங்கை வைக்க முடியாது. நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் போல இங்கே மழை கிடையாது. காடு என்றாலும் பெரும்பாலும் புதரும் புல்லும்தான், ஒதுங்க நிழல் குறைவு.

போன மாதம் காலை பதினொன்றரை மணி இருக்கும். நான் இறங்கி வரும்போது, நாகர்கோவிலில் இருந்து வந்த கல்லூரிப் பையன் ஒருவன் பாறையில் சாய்ந்து கிடந்தான். உதடு வெடித்திருந்தது. கையில் அரை லிட்டர் பாட்டில், அதுவும் காலி. “அண்ணாச்சி, உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்கிறான். “இரு மக்கா, முதலில் இதைக் குடி” என்று என்னிடம் மிச்சமிருந்த உப்புப் போட்ட மோரைக் கொடுத்தேன். கை நடுக்கத்தில் பாதி சட்டையில் கொட்டியது. அவனை நிழலில் உட்காரவைத்து, மெதுவாகக் கீழே கூட்டி வர ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

கேரளத்துத் துறவி நாராயண குரு தவமிருந்த, இந்த மலையில் உள்ள பிள்ளத்தடம் குகையைப் பார்க்கக் கேரளத்தில் இருந்து வயதானவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கெல்லாம் சரியான நேரத்தையும் தண்ணீர் அளவையும் யார் சொல்வது? விடிவதற்கு முன் அடிவாரத்தில் நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆடி மாதக் காற்றில் உச்சிப் பாறையின் விளிம்புக்குப் போகவே கூடாது.

இன்னொன்று, நெருப்பு. பங்குனியில் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறந்துவிட முடியுமா? ஆனாலும் இங்கே பாறை இடுக்கில் பீடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இவற்றை எழுதி ஒரு பலகை அடிவாரத்தில் வைத்தால் போதும், பெரிய செலவில்லை. உள்ளூர்க்காரர்கள் பலர் நேரில் கேட்டுவிட்டோம். உங்கள் பத்திரிகை எழுதினால் காதில் ஏறும். அதுவரை, திருத்தத்தையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் போட்டுவிடுங்கள். விடுமுறை வருகிறது, பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
பொற்றையடி, கன்னியாகுமரி மாவட்டம்