செயலாளரின் ஆண்டறிக்கை: சர்க்கரையோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடலூரில் கூடும் நம் வரலாற்றுச் சங்கம், ஆண்டு முழுக்கச் சர்க்கரையை மட்டுமே பேசுவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தது. "அத்தனை மாதம் தாங்குமா?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். தாங்கியது. மழையால் இரண்டு கூட்டங்கள் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் கூட்டம் பெயர்களிலேயே கழிந்தது. நம் பாட்டிமார் வெள்ளைச் சர்க்கரையை அஸ்கா என்பார்கள். அஸ்கா என்பது அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்து ஊர். அங்கே சர்க்கரை ஆலை இருந்தது. பக்கத்து நெல்லிக்குப்பத்தில் 1840-களிலேயே ஆலை வந்தும் நம் வாயில் ஒட்டியது அந்த ஊர்ப் பெயர்தானே என்று ஓர் உறுப்பினர் குறைப்பட்டுக்கொண்டார்.

மனதில் நிற்பது ஆடி மாதக் கூட்டம். புதுச்சேரியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கப்பல்களைப் பற்றிப் பேசினார். பிரான்சு 1848-இல் தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலையானவர்கள் பழைய தோட்டங்களில் பழையபடி உழைக்க விரும்பவில்லை. கரும்போ காத்திருக்காது. உடனே புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல், கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக்கில் 1853 மே மாதமும், குவாதலூப்பில் 1854 டிசம்பர் 24 அன்றும் நம்மவர்களை இறக்கியது. ஐந்து வருட ஒப்பந்தம். பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட 1861 உடன்படிக்கைக்குப் பிறகு, தென்னாற்காடு போன்ற பிரிட்டிஷ் பகுதி ஆட்களையும் சட்டப்படியே ஏற்ற முடிந்தது. குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42 ஆயிரம் பேர். ராமசாமியும் முத்துசாமியும் அங்கே இன்றும் குடும்பப் பெயர்கள். நம் வருகைப் பதிவேட்டிலும் இதே பெயர்கள்தான். அன்று கூட்டம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை, டீ ஆறிப்போனது.

அடுத்தது விவசாயிகளோடு. நம் கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தந்த கோக 671 என்ற கரும்பு ரகம் (கோயமுத்தூரின் 'கோ', கடலூரின் 'க') சர்க்கரைச் சத்தில் பேர்வாங்கி, பிறகு செவ்வழுகல் நோயில் அடிபட்ட கதையைச் சொன்னார்கள். அப்புறம் பேச்சு கட்டிங் ஆர்டருக்கு, அதாவது கரும்பை எப்போது வெட்டலாம் என்று ஆலை தரும் உத்தரவுக்குப் போனது. வெட்டிய கரும்பு கிடக்கக் கிடக்க எடையும் சர்க்கரையும் இறங்கும். நெல் மாதிரி மூட்டை கட்டி வைத்து விலை பார்க்க முடியாது. அதனால் பேரம் எப்போதும் ஆலையின் பக்கம். தீவுத் தோட்டக்காரர்கள் ஒப்பந்தம் போட்டு ஆட்களைக் கட்டிப்போட்டதற்கும் இதே அவசரம் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆசிரியர் இதை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. பதிவேட்டில் இரண்டு கருத்தையும் எழுதியிருக்கிறேன்.

பொங்கல் கூட்டத்தில் பன்னீர்க் கரும்பு கடித்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் நழுவிவிட வேண்டாம்.