மாற்றியமைத்த காருக்கு ஒரு குறிப்பேடு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றியமைக்கப்பட்ட கார்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நள்ளிரவில் சைலன்சரைக் கழற்றிவிட்டுத் தெருவையே அதிரவைப்பவர்கள் மீது கட்டுரையாளருக்கு இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. ஆனால், தொழிற்சாலையிலிருந்து வந்த காரில் எதை மாற்றினாலும் அது ஆபத்தில்தான் போய் முடியும் என்று அவர் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக வைத்துப் பராமரித்துவருபவன், ஏறக்குறைய அதே காலமாக அக்கார் உரிமையாளர்களின் கிளப்பில் உறுப்பினனாக இருப்பவன் என்ற முறையில், ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது என்று எழுத விரும்புகிறேன். எதை மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள், எவ்வளவு இறுக்கினார்கள், கழற்றியதை என்ன செய்தார்கள் என்று ஒரு வரிகூட எழுதி வைக்காமல் கார் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கிறதே, அதுதான் ஆபத்து.

என்னுடையது மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையைச் சேர்ந்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1997 வரை நான்கு லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட இரண்டு இருக்கை வண்டி அது. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் அதற்குப் பெயர். பின்வந்த தலைமுறைகளையும் சேர்த்து, 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாரானது. குதிரையும் வீரனும் ஓருடல் என்று பொருள்படும் 'ஜின்பா இட்டாய்' என்ற தொடரை மனத்தில் வைத்து அதை உருவாக்கினார்கள். 1,600 சிசி எஞ்சின், சுமார் 120 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, நான்கு சக்கரங்களுக்கும், ஒவ்வொன்றையும் இரு கைகள் தாங்கிப் பிடிக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். எளிய வண்டி என்பதால் வீட்டு வாசலிலேயே பிரித்துப் பூட்டலாம். அதனாலேயே உலகெங்கும் அரைகுறைக் கைகளில் அதிகம் சிக்கிக்கொண்டதும் இதுதான்.

1990-ஆம் ஆண்டின் இந்த வண்டி என்னிடம் வருவதற்கு முன் மூன்று பேரிடம் இருந்தது. சஸ்பென்ஷன் தாழ்த்தப்பட்டிருந்தது, ஏர் ஃபில்டரும் ஸ்டீயரிங்கும் வேறாக இருந்தன. விற்றவரிடம் விசாரித்தபோது, எல்லாம் தனக்கு முன்னால் வைத்திருந்தவர் செய்தது என்றார். எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கு மட்டும் ஒரு பட்டறையின் ரசீது இருந்தது. வாங்கிய நான்காம் மாதம், மேட்டில் ஏறும்போது எஞ்சின் இழுக்கவில்லை. ஸ்பார்க் பிளக், பிளக் ஒயர், ஃபியூயல் ஃபில்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றியும் பலனில்லை. அந்த நிலையில்தான் கிளப்பின் மாதச் சந்திப்புக்கு முதன்முறையாகப் போனேன். மூத்த உறுப்பினர் ஒருவர் எஞ்சினை ஐடிலில் ஓடவிடச் சொல்லிவிட்டு, குனிந்து ரேடியேட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. "கிராங்க் புல்லி ஆடுது தம்பி, உடனே அணைச்சிடுங்க" என்றார். அவர் காட்டிய இடத்தில் நானும் பார்த்தேன். எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையில் நேராகச் சுழல வேண்டிய அந்தச் சக்கரம், கோணலாக மாட்டிய தட்டைப் போல் அலைந்துகொண்டிருந்தது.

இந்த எஞ்சினின் தொடக்ககாலத் தயாரிப்புகளில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையானது. டைமிங் பெல்ட்டை ஓட்டும் பல்சக்கரம் அந்த முனையில் நிலையாக நிற்பதற்கு, காடியில் பொருந்தும், நகத்தளவே இருக்கும் கீ என்ற உலோகத் துண்டும் நடுவில் ஏறும் ஒரு பெரிய போல்ட்டும்தான் துணை. பெல்ட் மாற்றும் வேலைக்காக அந்த போல்ட்டைக் கழற்றியவர் திரும்பப் பூட்டும்போது, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைக்காமல் கைக்கணக்கில் இறுக்கிவிட்டால், கீ தன் காடிக்குள் மிக மெல்ல அசையத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் காடியின் சுவரைத் தின்று, பல்சக்கரத்தின் பிடியைத் தளர்த்தி, வால்வுகள் திறந்து மூடும் நேரத்தையே பிசகச் செய்துவிடும். பின்னாளில் மஸ்டா நிறுவனமே முனையை நீளமாக்கிவிட்டது. எது எந்த வகை என்று அறிய எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை. புல்லியின் நடுப்பகுதியில் நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் நீள முனை. எங்கள் கிளப்பில் சேரும் எவருக்கும் முதல் நாளே சொல்லித்தரப்படும் பாடம் இது.

என் காரில் காடி முழுவதும் சிதைந்துபோகவில்லை. புதிய கீ போட்டு, உலோகத்துக்கான பிடிப்புப் பசையிட்டு, ஒரு நாள் முழுதும் காயவிட்டு, போல்ட்டை உரிய அளவுக்கு இறுக்கினோம். இன்றுவரை அசையவில்லை. இன்னும் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் கிராங்க் ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டி வந்திருக்கும் என்றார் அந்தப் பெரியவர். இதில் என்னை வருத்துவது அந்தப் பட்டறையின் பிழை அல்ல. பிழை யாருக்கும் நேரும். ரசீதில் 'டைமிங் பெல்ட் மாற்றப்பட்டது' என்ற மூன்று சொற்களுக்கு மேல் எதுவும் இல்லை என்பதுதான். குட்டை முனை என்றும் போல்ட் இன்ன அளவுக்கு இறுக்கப்பட்டது என்றும் எழுத வேண்டிய இடம் இருந்திருந்தால், எழுதுகிறவர் முதலில் அளந்திருப்பார்.

தாழ்த்தப்பட்ட சஸ்பென்ஷனிலும் இதே கதைதான். பின்பக்க ஷாக் அப்சார்பரைக் கழற்றி வெளியே எடுத்தபோது, ஸ்பிரிங்கின் நுனியில் கிரைண்டர் அறுத்த தடம் பளிச்சென்று தெரிந்தது. தாழ்வான ஸ்பிரிங் வாங்கிப் போடாமல், இருந்ததையே ஒரு சுற்று வெட்டியிருக்கிறார்கள். இந்தக் காரில் சக்கரம் மேலேறி இறங்குவதற்கான இடம் ஏற்கனவே குறைவு. அதிலும் வெட்டினால், சிறு பள்ளத்தில்கூட வண்டியின் பாரம், சஸ்பென்ஷனின் எல்லையில் உள்ள பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். வளைவில் அப்படி இடித்தால் பின்சக்கரம் சட்டென்று பிடியை விடும். அந்த ரப்பர் இருந்த இடத்தில் கையில் உதிர்ந்தது கறுப்புத் தூள் மட்டுமே. இதை 'மாற்றியமைத்தல்' என்ற சொல்லால் அழைப்பதே எனக்கு உவப்பாக இல்லை. தொழிற்சாலையின் அசல் ஸ்பிரிங்கை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்க யாரும் கிடைக்கவும் இல்லை.

ஆகவே எங்கள் கிளப்பில் வரிசை ஒன்று உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி ஓடியிருக்குமோ அப்படி ஓடும்வரை, எந்தக் காரிலும் புதிதாக எதையும் சேர்க்க நாங்கள் துணைநிற்பதில்லை. சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள முப்பது ஆண்டு பழைய ரப்பர் புஷ்களை மாற்றி, நான்கு சக்கரங்களின் கோண அமைப்பான அலைன்மென்ட்டை மறுபடி அமைத்தவுடனேயே, இதுதான் நான் வாங்கிய வண்டியா என்று வியந்தவர்கள் பலர். அலைன்மென்ட்டை அமைக்கும் போல்ட்டுகள் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதால், சில நேரம் அவற்றை அறுத்தே எடுக்க வேண்டும். அந்த ஒரு வேலைக்கே இரண்டு நாள் போகும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், மாற்றியாக வேண்டும். மடக்கும் துணிக்கூரையின் அடிவாரத்தில், கதவுகளுக்குப் பின்னால், மழைநீர் இறங்கும் துளைகள் இரண்டு உள்ளன. அவற்றில் சருகு அடைத்துக்கொண்டால் நீர் கதவுக்குக் கீழுள்ள பெட்டிச்சட்டத்துக்குள் தேங்கி, வெளியே பெயின்ட் மினுங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து துரு அரிக்கும். வளையும் பிளாஸ்டிக் கம்பி ஒன்றை உள்ளே விட்டு அடைப்பை எடுக்க ஐந்து நிமிடம் போதும். பெட்டிச்சட்டத்தை வெட்டி ஒட்ட வாரங்கள் ஆகும். பேட்டரி டிக்கியில் இருப்பதால், காற்றுக்குழாய் இல்லாத சாதாரண ஆசிட் பேட்டரியை அங்கே வைத்தால் அதன் ஆவி தகரத்தைத் தின்றுவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இத்தனையும் முடிந்த பிறகே எஞ்சினின் வலுவைக் கூட்டுவது பற்றிய பேச்சு. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் போட விரும்பும் இளைஞர்களை நாங்கள் தடுப்பதில்லை. அதன் முழுக் கணக்கையும் முன்னால் வைக்கிறோம். முன்சக்கர ஓட்டமுள்ள குடும்பக் கார்களில் குறுக்காக வைக்கப்பட்ட எஞ்சின் குடும்பத்திலிருந்து வந்தது இது. இந்தக் காரில் அதை நீளவாக்கில் திருப்பி வைத்தபோது, குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே வருவதும் வெளியே போவதும் முன்பக்கமாகவே அமைந்துவிட்டன. விளைவாக, பின்கோடியில் உள்ள நான்காவது சிலிண்டருக்குக் குளிர்ச்சி குறைவாகவே கிடைக்கிறது. அன்றாட ஓட்டத்தில் இது குறையே அல்ல. டர்போ சேர்ந்து வெப்பம் கூடும்போது, கூலன்ட் பின்பக்கமாக வெளியேறும்படி குழாயின் வழியை மாற்ற வேண்டியிருக்கும். எரிபொருளின் அளவைக் காற்றுக்கு ஏற்பத் திருத்தாவிட்டால் பிஸ்டன் உடையும். 1.6 லிட்டர் காரில், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் சிறியது. கூடுதல் முறுக்குவிசை அதன் பற்களைப் பெயர்த்துவிடும் என்பதால், பின்னாளில் வந்த 1.8 லிட்டர் காரின் பெரிய டிஃபரன்ஷியலைத் தேட வேண்டும். அதற்குமுன் கிளட்ச்சும் பிரேக்கும். இதையெல்லாம் கேட்ட பிறகு பாதிப் பேர் நல்ல டயரும் ஷாக் அப்சார்பரும் வாங்கிப்போட்டு மகிழ்ச்சியாக ஓட்டுகிறார்கள். மீதிப் பேர் பொறுமையாக, ஒவ்வொன்றாக, முறைப்படி செய்து முடிக்கிறார்கள். சட்டம் அனுமதிக்காத எதையும், குறிப்பாகப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிய எந்த வண்டியையும், நாங்கள் சந்திப்புக்குள் விடுவதில்லை.

பந்தயத் தடத்தில் ஓட்ட விரும்புபவர், வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவான ரோல் பாரைப் பொருத்தினால், அதற்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறோம். ஹெல்மெட் அணிந்து இருக்கையில் அமர்ந்து பெல்ட்டை மாட்டிக்கொள்ளச் சொல்வோம். ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்புவரை ஒரு நேரான கோலை வைப்போம். ஹெல்மெட் அந்தக் கோலைத் தொட்டால், வண்டி கவிழும்போது தரையில் முதலில் படுவது தலையாகத்தான் இருக்கும். உயரமான உறுப்பினர் ஒருவருக்கு இருக்கையின் அடியில் இருந்த பஞ்சைக் குறைத்து, மூன்று முறை கோல் வைத்துப் பார்த்த பிறகே அனுமதி கிடைத்தது.

இப்போது குறிப்பேட்டுக்கு வருகிறேன். எங்கள் கிளப்பில் ஒவ்வொரு காருக்கும் தடித்த அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. அது காருக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல; கார் விற்கப்படும்போது சாவியோடு அதுவும் போக வேண்டும். தேதி, ஓடிய தூரம், செய்த வேலை, போட்ட பாகத்தின் எண், போல்ட்டை இறுக்கிய அளவு, வேலை செய்தவர், கழற்றிய அசல் பாகம் இருக்கும் இடம் ஆகியவை அதில் இருக்கும். என் நோட்டில் கடந்த ஆண்டுப் பக்கம் ஒன்றில், 'முன் பிரேக் பேடு மாற்றம். இடது பின்சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் காலிபரின் ஸ்லைடர் ஊசி இறுகியிருந்தது, சுத்தம் செய்து கிரீஸ் இட்டது. ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க' என்று எழுதியிருக்கிறேன். ஆறாம் மாதம் பார்த்தபோது அது மறுபடியும் இறுகத் தொடங்கியிருந்தது, ஊசியை மாற்றினேன். எழுதியிராவிட்டால் எனக்கு நினைவிருந்திருக்காது.

கழற்றியதைத் தூக்கி எறியக் கூடாது என்பதில் நாங்கள் இன்னும் கடுமையாக இருக்கிறோம். தயாரிப்பாளர்களே பழைய பாகங்களின் மதிப்பை உணரத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2017-இல் மஸ்டா நிறுவனம் ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்து, துணிக்கூரை முதல் அந்நாளைய 14 அங்குல டயர் வரை மறுபடி தயாரிக்க வழிசெய்தது. அதே ஆண்டில் நிஸான் நிறுவனத்தின் பந்தயப் பிரிவான நிஸ்மோ, ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் கார்களுக்கான பாகங்களை மீண்டும் கொண்டுவந்தது. பின்னர் டொயோட்டாவும் பழைய சுப்ராவுக்கு அப்படிச் செய்தது. ஆயினும் எல்லாப் பாகமும் திரும்ப வரப்போவதில்லை. இன்று குப்பையில் போடும் அசல் ஸ்பிரிங்கை நாளை இன்னொருவர் எங்கே தேடுவார்?

எங்களைப் போன்ற கிளப்புகளிலும் குறை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. சந்திப்புகளில் பளபளக்கும் சக்கரங்களைச் சுற்றிக் கூட்டம் சேர்கிறது. நோட்டைத் திறந்து காட்டுபவரை இருவர் மூவரே கவனிக்கிறார்கள். படத்தில் அழகாகத் தெரிவதற்காக அளவுமீறித் தாழ்த்தப்பட்ட கார்களுக்குப் பாராட்டு குவிவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. இதைக் கண்டிக்க வேண்டிய முதல் பொறுப்பு எங்களுடையது.

தங்கள் கட்டுரையாளரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை மாற்றியமைத்த கார் ஒன்றைப் பற்றி எழுதும்போது, அதன் உரிமையாளரிடம் என்னென்ன மாற்றினீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், அவற்றை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்கட்டும். பழைய கார் வாங்கப் போகும் வாசகர்களும் விலை பேசுவதற்கு முன் இதே கேள்வியைக் கேட்கலாம். எங்கள் குறிப்பேட்டின் வெற்றுப் படிவத்தைப் பிற கிளப்புகளுக்கும் பட்டறைகளுக்கும் இலவசமாகத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். அதன் முதல் பக்கத்தின் முதல் வரியில், கிராங்க் புல்லியில் உள்ள வெட்டுகள் நான்கா, எட்டா என்று நிரப்புவதற்கு ஒரு கட்டம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்