மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பிள்ளைகளின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

முதலாம் தவணை வந்தால் கொழும்புப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டி களைகட்டிவிடும். முதல் மூவரின் நேரம் நிறுத்தற் கடிகாரத்தில் பதியப்பட, மிகுதிப் பிள்ளைகள் இல்லக் கொட்டகையில் இருந்து கைதட்டுவார்கள். உடற்கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அந்த மிகுதிப் பிள்ளைகளைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரிகூட எழுதப்படாமற் போனதில் எனக்கும் பங்குண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

ஓட, பாய, எறிய, பிடிக்கத் தெரிந்திருப்பதோடு, அவற்றைச் செய்வதற்கான விருப்பமும் தன்னம்பிக்கையும், உடல் ஏன் அசைய வேண்டும் என்ற விளக்கமும் சேர்ந்ததையே உடல்சார் எழுத்தறிவு என்கிறார்கள். பிரித்தானிய உடற்கல்வி அறிஞர் மார்கரெட் வைட்ஹெட் 1993 இல் முன்வைத்த இக்கருத்தைத் தழுவிக் கனடாவில் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கென உருவாக்கப்பட்ட மதிப்பீட்டில், 100 புள்ளிகளுள் உடற்றிறனுக்கு 30 மட்டுமே. அன்றாடச் செயற்பாட்டுக்கு 30, விருப்பத்துக்கும் தன்னம்பிக்கைக்கும் 30, அறிவுக்கு 10. அதிலுள்ள ஒரு சோதனையில் பிள்ளை வளையங்களுக்குள் இரு காலாலும் பாய்ந்து, பக்கவாட்டில் நகர்ந்து, பந்தைப் பிடித்து எறிந்து, ஒற்றைக்காலில் கெந்தி, ஈற்றில் பந்தை உதைக்க வேண்டும். எவ்வளவு விரைவாகச் செய்தது என்பதோடு, எவ்வளவு சரியாகச் செய்தது என்பதற்கும் புள்ளி உண்டு.

தரம் 7 இல் படித்த ஒரு மாணவி, உடற்கல்விப் பாடம் உள்ள நாளெல்லாம் வயிற்றுவலி என்று தாயாரின் கடிதத்தோடு வருவாள். ஒருநாள் கவனித்தேன்: பந்து வரும்போது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிடிக்க ஒருவரும் பழக்கவில்லை, அவ்வளவுதான். ஊதிய பலூனில் தொடங்கி, பிறகு துணிப்பந்து, பிறகு டென்னிஸ் பந்து என்று ஒரு தவணை சென்றது. அவளுடைய 100 மீற்றர் நேரம் ஒரு விநாடிகூடக் குறையவில்லை. ஆனால் கடிதங்கள் நின்றுவிட்டன. அந்த மாற்றத்தை எழுத எங்கள் படிவத்தில் இடமிருக்கவில்லை.

அதற்காக இன்னொரு பரீட்சையைக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. புள்ளி என்று வந்துவிட்டால் வெள்ளவத்தையில் கெந்துவதற்கும் டியூஷன் தொடங்கிவிடும்! ஒரு பிள்ளையை வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளையோடு ஒப்பிடாமல், அதே பிள்ளையின் போன வருடப் பதிவோடு மட்டும் ஒப்பிட வேண்டும். பதின்ம வயதினருக்கு இது இன்னும் அவசியம். பதினைந்து வயதுப் பிள்ளையைச் சகமாணவர் முன்னிலையில் சோதித்தால் அளக்கப்படுவது திறனன்று, கூச்சமே. சிறுவர்களுக்கென ஆக்கிய அளவுகோலை அவர்கள்மேல் அப்படியே சுமத்தவும் கூடாது.

5 முதல் 17 வயதுவரையானோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது மிதமான அல்லது கடுமையான வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'இங்கு பந்து விளையாடக் கூடாது' என்ற பலகை தொங்கும் தொடர்மாடிகளில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நேரம் கிடைப்பது பெரும்பாலும் பாடசாலையில்தான். ஆகவே, தரம் 6 இல் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, என்ன செய்ய முடிகிறது, எதற்கு அஞ்சுகிறது, எதை விரும்புகிறது என்ற மூன்றையும் தவணைக்கு ஒருமுறை எழுதிவைக்குமாறு அதிபர்களையும் உடற்கல்வி ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கொழும்பு 06.