ஏலக் கணக்கு மட்டும் வரலாறு ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவை எப்.எம். நிலையங்களின் வரலாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தனியார் எப்.எம். உரிமங்களுக்கு அரசு நடத்திய முதல் கட்ட ஏலத்திலேயே சூரியன் வந்ததும், வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்த உரிமக் கட்டணத்துக்குப் பதில் வருமானத்தில் 4 சதவீதம் என்று 2005இல் விதி மாறிய பிறகு ஹலோ, மிர்ச்சி, ரேடியோ சிட்டி எல்லாம் வரிசை கட்டியதும், 2016 ஏலத்தில் ஈரோடும் சேலமும் சேர்ந்ததும் சரிதான். ஆனால், பாட்டுக் கேட்ட ஜனங்களை அதில் காணோமே!

தாராபுரம் பக்கம் எங்களுக்கு முதல் எப்.எம். கொடைக்கானல் மலையிலிருந்து வரும் அகில இந்திய வானொலியின் கோடை பண்பலைதான், 100.5. கோவை வானொலி 1966 முதலே உண்டு என்றாலும் அது மத்திய அலை. இடி மின்னல் என்றால் பாட்டை விடக் கரகரப்புதான் அதிகம் கேட்கும். பண்பலைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏறக்குறைய நேர்கோட்டில் போகும் அலை என்பதால், மலைமேல் நிற்கும் கோபுரத்துக்கு எங்கள் சமவெளி முழுக்கத் திறந்த வாசல். கட்டுரையில் கோடைக்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமே.

பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பவர்டேபிள் என்கிற தையல் மெஷின் வரிசைக்கு மேலே ஆணியில் ஒரு ரேடியோ தொங்கும். ஓவர்லாக் மெஷின் இரைச்சலில் பாதி வரி காதில் விழாது, மீதியை நாங்களே பாடிக்கொள்வோம். கரண்ட் போனால் மெஷினெல்லாம் நின்றுவிடும், பேட்டரியில் ஓடும் அந்தப் பெட்டி மட்டும் பாடும். அப்போதுதான் பாட்டுக்கு நடுவே போனில் வருகிறவர்களின் பேச்சு தெளிவாகக் கேட்கும். "ஏனுங்க, எங்க அம்மிணிக்குப் பொறந்த நாளுங்க, ஒரு பாட்டுப் போடுங்க" என்று அவிநாசியிலிருந்தோ காங்கயத்திலிருந்தோ ஒரு குரல். தனியார் எப்.எம்.மில் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லாததால் ஊர் நடப்பு கொஞ்சமாவது காதில் விழுந்தது இந்த அழைப்புகளில்தான்.

அந்தக் குரல்களை இன்று தேடினால் கிடைப்பது அரிது. ஒலிபரப்பியதை மூன்று மாதம் வைத்திருந்தால் போதும் என்பது உரிம விதி. அதற்கு மேல் காப்பாற்றுவது நிலையத்தின் மனசு. ஏலத் தொகை அரசுக் கோப்பில் பத்திரமாக இருக்கும். காங்கயத்து அக்காவின் குரலுக்குக் கோப்பு ஏது?

அந்தக் காலத்தில் பாட்டுக்காக ரேடியோவிலிருந்தே கேசட்டில் பதிந்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். பாட்டோடு அறிவிப்பாளர் பேச்சும் நேயர் பேச்சும் அதில் சேர்ந்தே பதிந்திருக்கும். பூசணம் பிடிப்பதற்குள் அவற்றைத் தரும்படி உங்கள் இதழில் ஓர் அறிவிப்புப் போட்டால் நல்லது. என்னிடம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாராபுரம்