பனிக்கரடியும் வேட்டைக்காரர் கணக்கும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குச் சோம்பல்தான் காரணம். முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. கூடலூர் மழையில் வழுக்குகிற படிகளும் உனக்கு இப்போதைக்கு வேண்டாம்.

மருமகனுக்குக் கனடாவின் வடகோடியில் இருக்கும் நுனாவுட்டில், ராங்கின் இன்லெட் என்ற ஊரில் நர்ஸ் வேலை என்றும், நான் அங்கே போயிருந்தபோது ஊர் வேட்டைக்காரர் சங்கத்தில் பனிக்கரடி வேட்டை ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்றும் எழுதியிருந்தேன். நீ 'திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்திருக்கிறார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். வனத்துறையில் ஆயுசைக் கழித்தவன் வேறென்ன சொல்வான்! ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

உலகத்துப் பனிக்கரடிகளில் மூன்றில் இரண்டு பங்கு கனடாவில்தான் இருக்கிறது. 1973இல் ஐந்து நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம், அங்கேயே வாழ்கிற மக்கள் பாரம்பரிய முறையில் வேட்டையாடுவதை அனுமதிக்கிறது. நுனாவுட்டில் ஒவ்வொரு ஊருக்கும் வருஷத்துக்கு இத்தனை என்று ஒதுக்கீடு உண்டு. ஊர்ச் சங்கம் அதைப் பெரும்பாலும் குலுக்கல் போட்டுப் பிரித்துக்கொடுக்கும். ஊருக்குள் வந்த கரடியை உயிருக்குப் பயந்து சுட்டாலும் அதுவும் ஒதுக்கீட்டில்தான் கழியும். சுட்டவர் பல், தாடை எலும்பு, கொழுப்புத் துண்டு எல்லாம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கரடியின் வயதையும் பாலினத்தையும் ஆய்வாளர்கள் தெரிந்துகொள்வது அதிலிருந்துதான். எத்தனை என்பதை முதலில் முடிவுசெய்யும் வாரியத்தில் ஒன்பது பேர், அதில் நாலு பேர் அங்கத்துப் பூர்வகுடிகளான இனூயிட் மக்களின் அமைப்புகள் நியமிப்பவர்கள். கடைசி வார்த்தை அமைச்சருடையது. அதனால் சாவி முழுக்க யார் கையிலும் இல்லை.

நுனாவுட்டில் மக்ளின்டாக் கால்வாய் என்ற கடல் பகுதியின் கதையைக் கேள். அங்கே சுமார் 900 கரடிகள் இருப்பதாக 1970களில் நடந்த ஓர் ஆய்வை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். உள்ளூர் வேட்டைக்காரர்களிடம் பேசிய பிறகு அது 700 ஆகக் குறைந்தது. கவனித்தாயா, அவர்கள் சொன்னது குறைவான எண். அதனால் ஒதுக்கீடு குறையக்கூடும் என்றாலும் சொன்னார்கள். கடைசியில் 1998 முதல் 2000 வரை கணக்கெடுத்துப் பார்த்தால் 284தான் தேறியது. 2001இல் வேட்டைக்கு முழுத் தடை. சில வருஷம் கழித்து, மூன்றே மூன்று கரடி என்று திரும்ப ஆரம்பித்தார்கள். தப்பான எண்ணை வைத்து ஒதுக்கீடு போட்டது மேலே இருந்தவர்கள். அதற்கு விலை கொடுத்தது அங்கே வேட்டையாடும் ஜோவா ஹேவன் போன்ற ஊர்க்காரர்கள். 2014 முதல் 2016 வரை மறுபடி எண்ணியபோது 716 என்று வந்தது.

கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே உள்ள டேவிஸ் நீரிணையில் வேறு மாதிரி நடந்தது. 'கரடி கூடிவிட்டது, முன்னே இப்படி இல்லை' என்று வேட்டைக்காரர்கள் ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒதுக்கீடு கேட்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று பலர் ஒதுக்கினார்கள். 2005 முதல் 2007 வரை எண்ணிப் பார்த்ததில் ஏறத்தாழ 2,158, முன்பு நினைத்திருந்ததைவிட அதிகம். அந்தக் கடலில் ஹார்ப் சீல் என்ற கடல்நாய் பெருகியிருந்தது, கரடிக்கு இரைக்குப் பஞ்சமில்லை.

இதோடு நிறுத்தினால் நான் ஒரு பக்கமாகப் பேசுகிறேன் என்பாய். மேற்கு ஹட்சன் விரிகுடாவில் (ராங்கின் இன்லெட் அந்தக் கரைதான்) விஷயம் சிக்கலானது. ஊருக்குள்ளும் குப்பைமேட்டிலும் கரடி அதிகமாக வருகிறது என்று சொன்னதால் 2005இல் அந்தக் கரடிக் கூட்டத்துக்கான ஒதுக்கீட்டை 56 ஆக உயர்த்தினார்கள். அதே சமயம் ஆய்வாளர்கள் கையில் இருந்த கணக்கு, 1987இல் 1,194 ஆக இருந்தது 2004இல் 935 ஆகிவிட்டது என்றது. ஒதுக்கீடு 38க்கும், அடுத்து 8க்கும் விழுந்தது. ஊர்களில் பெரிய கோபம். 2011இல் விமானத்திலிருந்து எண்ணியபோது 1,030 வந்ததும் 'நாங்கள் சொன்னோமே' என்றார்கள். ஆனால் 2016இல் 842, 2021இல் 618.

அப்படியானால் வேட்டைக்காரர்கள் பார்த்தது பொய்யா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் கரையில் இருந்து பார்க்கிறார்கள். 1980களோடு ஒப்பிட்டால் கடலில் பனிக்கட்டி இல்லாத காலம் சுமார் மூன்று வாரம் நீண்டுவிட்டது. சீல் பிடிக்கப் பனிக்கட்டி இல்லாவிட்டால் கரடி கரையேறும், பசித்தால் ஊருக்குள் வரும். மொத்தம் குறைந்துகொண்டே போகும்போது கண்ணில் படுவது கூடலாம். 2018 கோடையில் ஆர்வியட் பக்கமும் நௌயாட் பக்கமும் தலா ஒருவர் கரடி தாக்கி இறந்தார்கள். அந்த ஊர்களில் போய் 'கரடி குறைந்துவிட்டது' என்று சொல்லிப் பார், வாசலைக் காட்டுவார்கள். இன்னொன்றும் சொல்கிறார்கள், கரடி சாகவில்லை, இடம் மாறிவிட்டது என்று. பக்கத்துத் தெற்கு ஹட்சன் கூட்டம் 2016இல் 780, 2021இல் 1,119. எல்லைக்கோடு கரடிக்குத் தெரியுமா என்ன? இந்தப் பேச்சை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

என் கட்சி இதுதான்: எத்தனை என்ற கேள்விக்கு வேட்டைக்காரரின் பதிலை மட்டும் நம்பி ஒதுக்கீடு போடக் கூடாது. எங்கே இருக்கிறது, எந்த மாதம் வருகிறது, கொழுத்திருக்கிறதா, எதைத் தின்கிறது, குட்டிக்கு எங்கே குகை தோண்டுகிறது என்பதற்கெல்லாம் அவரை விட்டால் ஆள் இல்லை. பல இடங்களுக்கு ஆய்வாளர்கள் பெரிய கணக்கெடுப்புக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலே அதிகம், ஹெலிகாப்டர் செலவு அப்படி. வேட்டைக்காரர் அங்கேயே கிடக்கிறார். சுவடு பார்த்து ஆணா பெண்ணா, எத்தனை பெரிசு, போய் எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்வதையெல்லாம் ஜோவா ஹேவனில் பல வேட்டைக்காரர்களிடம் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்து ஒரு கட்டுரையே வந்திருக்கிறது.

எண்ணும் முறையையே அவர்கள் பேச்சு மாற்றியிருக்கிறது. மயக்க ஊசி போட்டுக் கழுத்துப் பட்டை மாட்டுவதை இனூயிட் பெரியவர்கள் ரொம்ப நாளாக எதிர்த்தார்கள். விலங்கை அவமதிப்பது என்பது ஒன்று, மருந்து ஏறிய இறைச்சியை எப்படித் தின்பது என்பது இன்னொன்று. இப்போது பல இடங்களில் ஆகாயத்திலிருந்து எண்ணுகிறார்கள், அல்லது சிறு அம்பு எய்து தோல் துணுக்கு எடுத்து மரபணுவில் அடையாளம் காண்கிறார்கள். பாஃபின் விரிகுடாவில் அப்படித்தான் செய்தார்கள்.

அப்புறம் உன் திருடன் கதைக்கு நேரான பதில் ஒன்று உண்டு. அலாஸ்காவின் வடகரையில் இன்யுபியாட் மக்கள் பனிக்கரடி வேட்டையாட அமெரிக்கச் சட்டம் எண்ணிக்கை வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆனால் 1988இல் அவர்களும் கனடாப் பக்கத்து இனூவியாலுயிட் மக்களும் உட்கார்ந்து தாங்களே ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். குட்டியையும் குட்டியோடு இருக்கும் தாயையும் குகையில் இருப்பதையும் தொடக் கூடாது, மொத்தத்துக்கு ஒரு வரம்பு. இரண்டு அரசாங்கங்களும் அதில் கையெழுத்துப் போடவில்லை, போட்டது வேட்டைக்காரர்கள்.

உன் பக்கத்திலேயே பார். 2021இல் மசினகுடிப் பக்கம் டி23 புலியைத் தேடியபோது டிரோன், கும்கி, நாய் என்று எல்லாம் இருந்தும் குறும்பர்கள் சுவடு பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் எத்தனை பேர் பழங்குடிகள் என்று உனக்கே தெரியும். கேமரா எங்கே கட்டலாம் என்று அவர்களிடம் கேட்பீர்கள். எதை முடிவுசெய்யும் கூட்டத்திலாவது அவர்களுக்கு நாற்காலி போட்டீர்களா? கோபித்துக்கொள்ளாதே, நீ தனியாகச் செய்திருக்க முடியாதுதான். இருந்தாலும் எழுது, சண்டை போட்டாலும் சரி.

சின்னவள் இங்கே படிப்பை முடிக்கப் போகிறாள். டிசம்பரில் ஊருக்கு வர யோசனை, டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வரும்போது உனக்கு அந்த முட்டிக் கவசம் வாங்கி வரட்டுமா? அளவு எழுதி அனுப்பு. மல்லிகாவிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தேவராஜ்
வின்னிபெக்