'முதன்முறையாக' அல்ல, ஆசிரியர் அவர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் 'இலங்கை: ஒரு பார்வை' என்று அரைப் பக்கத்துக்குக் கட்டம் கட்டி, பொருளாதாரம், போக்குவரத்து, தகவல்தொடர்பு, பாதுகாப்பு என்ற நான்கு தலைப்புகளுக்குள் அந்த நாட்டை அடக்கி வைத்திருந்தீர்கள். அதில் போக்குவரத்தின் கீழ், 'இந்தியாவுடன் பயணிகள் கப்பல் சேவை முதன்முறையாக 2023-இல் தொடங்கியது' என்று ஒரு வரி. அதைப் படித்த பிறகு, கையிலிருந்த காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் புறப்பட்ட கப்பலைத்தான் சொல்கிறீர்கள் என்பது புரிகிறது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கப்பல் மீண்டும் ஓடுகிறது என்றுதான் அன்று தங்கள் நாளிதழே எழுதியது. அந்த நறுக்கு என்னிடம் இருக்கிறது. அன்றைய 'மீண்டும்' இன்று எப்படி 'முதன்முறை' ஆயிற்று என்பதைத் தங்கள் அலுவலகத்தில் யாராவது விசாரிப்பார்கள் என்று நம்புகிறேன்.

1914-இல் பாம்பனில் ரயில் பாலம் கட்டியதே அக்கரைக்குப் போகத்தான் என்பது தாங்கள் அறியாததல்ல. சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பலில் சுமார் 30 கிலோமீட்டர் கடலைக் கடந்து, தலைமன்னாரில் காத்திருக்கும் ரயிலைப் பிடித்துக் கொழும்பு போய்ச் சேர்ந்தார். அந்த வண்டிக்கு 'போட் மெயில்' என்று பெயர் வந்ததும் அதனால்தான். 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயலில் துறையும் ஊரும் பாசஞ்சர் ரயிலும் கடலோடு போனபின்னும் கப்பல் நின்றுவிடவில்லை. ராமேசுவரத்துக்கு இடம் மாறி, 1980-களின் தொடக்கத்தில் அங்கே போர் மூளும் வரை தலைமன்னாருக்குப் போய்வந்துகொண்டிருந்தது. 'ராமானுஜம்' கப்பல் என்றால் இந்தக் கரையில் அறுபதைத் தாண்டிய எவருக்கும் தெரியும்.

நானே அதில் போயிருக்கிறேன். 1975-இல், பதினேழு வயதில், மன்னாரில் கட்டிக்கொடுத்திருந்த அத்தையைப் பார்க்கத் தந்தையாருடன் போனேன். போகிற வழியெல்லாம் வாந்தி எடுத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. திரும்பும்போது அத்தை கொடுத்துவிட்ட ராணி சந்தன சோப்பு வைத்திருந்த தகரப்பெட்டி இன்னும் பரணில் இருக்கிறது. அதன் மூடியில் ஒட்டிய சுங்கச் சீட்டின் முன்பாதியைக் கரையான் தின்றுவிட்டது. 'தலைமன்னார்' என்பதில் 'மன்னார்' மட்டும் மிஞ்சியிருக்கிறது. தங்கள் கட்டத்தின்படி, நடக்காத ஒரு பயணத்துக்குச் சீட்டு வைத்திருக்கிறேன்.

பொருளாதாரம் என்ற தலைப்பில் தேயிலை, ரப்பர், தேங்காய் என்று நான் பள்ளியில் மனப்பாடம் செய்த அதே வரிசையைப் போட்டிருந்தீர்கள். ஏற்றுமதியில் ஆயத்த ஆடை தேயிலையை முந்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில்தான் அந்த நாட்டின் அந்நியச் செலாவணியில் ஒரு பெரும்பங்கு வருகிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அந்த அரசே அறிவித்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதற்கு முந்தைய மாதமே, கைக்குழந்தையும் பையுமாகக் குடும்பங்கள் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை மணல் திட்டுகளில் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. தேயிலையைப் பற்றித்தான் எழுதுவதென்றால், இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, தலைமுறைகளாக அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு இந்தக் கரைக்கு வந்ததும் தாங்கள் 'இருந்ததே இல்லை' என்கிற அதே கப்பலில்தான்.

தகவல்தொடர்பைப் பற்றி நான் பேசுவதற்குச் சற்று உரிமை உண்டு. முப்பத்தாறு ஆண்டுகள் அஞ்சல் எழுத்தராக இருந்தவன். தந்தையார் தனுஷ்கோடித் துறையில் அஞ்சல் மூட்டை ஏற்றி இறக்கிய நாளில், காலையில் போட்ட கடிதம் மறுநாள் அத்தை கைக்குப் போய்விடுமாம். பிறகு அது சென்னைக்கும் கொழும்புக்கும் சுற்றிப் போகத் தொடங்கியது. அத்தை காலமான செய்தி எங்களுக்குப் பத்தொன்பதாம் நாள் வந்தது, கருமாதியே முடிந்துவிட்டிருந்தது.

வானொலி அப்படியல்ல. எங்கள் சுவர்க் கடிகாரத்தையே இலங்கை வானொலி சொல்லும் நேரத்துக்குத்தான் திருத்துவோம். 1996-இல் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியபோது, என் தாயார் வானொலியை நம்பி ஒரு மணி நேரம் முன்னதாகவே உலை வைத்துவிட்டு, பால்காரரைக் கோபித்துக்கொண்டார். பிறகு அது அரை மணி வித்தியாசமாகக் குறைந்து, 2006-இல்தான் மறுபடி நம் நேரத்துக்கு வந்தது. இப்போதும் அரிச்சல்முனையில் நின்றால் கைப்பேசிக்குள் அக்கரை அலைவரிசை நுழைந்து, இலங்கைக்கு நல்வரவு என்று குறுஞ்செய்தி வருகிறது. கைப்பேசிக்குத் தெரிந்த தூரம் தங்கள் இணைப்பிதழுக்குத் தெரியவில்லை.

பாதுகாப்பு: தரைப்படை, கடற்படை, விமானப்படை. அவ்வளவுதான் எழுதியிருந்தீர்கள். 1974-இலும் 1976-இலும் இரு நாட்டு அரசுகளும் ஒப்பந்தம் செய்து கடலில் எல்லைக் கோடு போட்டார்கள். கச்சத்தீவு அந்தப் பக்கம் போயிற்று. எங்களுக்குப் பாதுகாப்பு என்றால் அந்தக் கோடுதான். உச்சிப்புளியில் இருக்கும் நம் கடற்படையின் 'பருந்து' தளத்திலிருந்து எழும்பும் விமானச் சத்தத்தில் பேச்சை நிறுத்தி, சத்தம் அடங்கியதும் தொடர்ந்து பழகியவர்கள் நாங்கள். எதிர்வீட்டுப் பிள்ளை விசைப்படகில் கூலிக்குப் போய், கோட்டுக்கு அப்பால் பிடிபட்டு, நான்கு மாதம் கழித்து வந்தான், படகு வரவில்லை. அதைத் தங்கள் நாளிதழ் இரண்டு வரியில் போட்டது, அவன் ஊர்ப் பெயரையும் தவறாக.

தலைமன்னாருக்கு 2015 மார்ச்சில் மறுபடி ரயில் வந்துவிட்டது. இங்கே ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு 2019-இல் அடிக்கல் நாட்டியதோடு சரி, தண்டவாளம் வரவில்லை. அந்தக் கோபத்தைத் தங்கள் மேல் காட்டுவது நியாயமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மூலையில், 'முதன்முறையாக' என்பதை 'மீண்டும்' என்று திருத்தி வாசிக்கவும் என ஒரு வரி போடுங்கள். இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். எண்ணிப் பார்த்துவிட்டேன், அது ஏழு எழுத்து, இது நான்கு. திருத்தம் வந்தால் அந்தப் பக்கத்தை மன்னாரில் இருக்கும் அத்தை மகளுக்கு அனுப்ப வேண்டும். அது சென்னை, கொழும்பு என்று சுற்றித்தான் போய்ச் சேரும் என்பதால், சற்று விரைவாகச் செய்தால் நன்றி உடையவனாக இருப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற அஞ்சல் எழுத்தர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.