மூடாத பள்ளமும் தள்ளிப்போன கப்பல் பயணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் கணவரும் ஆவணி மாதம் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்குக் கப்பலில் போவதாக இருந்தோம். நல்லூர் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவில் தேர் பார்த்துவிட்டு, அப்படியே அங்குள்ள கீரிமலைத் தீர்த்தத்துக்கும் போய்வரத் திட்டம். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, கடைத்தெருவிலிருந்து இருட்டிய பிறகு திரும்பிய என் கணவர், மூடி எடுக்கப்பட்டிருந்த சாக்கடைக்குள் விழுந்தார். கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது.

மழைக்கு முன்னால் தூர்வாருவது நல்ல காரியம், மறுக்கவில்லை. கான்கிரீட் மூடிகளைப் பெயர்த்தார்கள், சேற்றை அள்ளி ஓரத்தில் குவித்தார்கள், போய்விட்டார்கள். தடுப்பு இல்லை, ஒரு சிவப்புத் துணிகூட இல்லை. தெருவிளக்கும் எரியவில்லை. கேட்டால், “வேலை இன்னும் முடியவில்லை” என்கிறார்கள். இவர் விழுந்த பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தாம் வேப்பங்கிளையை ஒடித்து அதில் நட்டு வைத்தார்கள்.

என் மாமனார் இளவயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், இறங்கியதும் மறுபடி ரயில். 1914இல் தொடங்கிய அந்த வழி 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து போய்வந்த கப்பலும் 1980களில் நின்றுபோனது. அப்பா வேலை பார்த்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது என் கணவரின் சிறுவயது ஆசை. 2023 அக்டோபரில் நாகையிலிருந்து கப்பல் விட்டபோது அவர் அடைந்த மகிழ்ச்சியை நான் அறிவேன். சில நாள்களிலேயே வானிலையால் அது நின்றது. 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியதும் இருவரும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம்.

இப்போது தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. அதற்குப் பிறகு பிசியோதெரபி. ஆறு வாரம்தானே என்று உறவினர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அவர் எழுந்து நடப்பதற்குள் ஐப்பசி பிறந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் கப்பல் ஓடாது. தையோ மாசியோ ஆகிவிடும். நல்லூர்த் திருவிழா என்றால் அடுத்த ஆண்டுதான். எழுபதைக் கடந்தவரிடம் “அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டிக்கெட் பணம் போனதைப் பற்றி நான் எழுதவில்லை. அதே தெரு வழியாகத்தான் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் நடக்கிறார்கள். நல்ல மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றால் பள்ளம் எது, சாலை எது என்று பெரியவர்களுக்கே தெரியாது. காலையில் பெயர்த்த மூடியை அன்று மாலைக்குள் திரும்பப் போட வேண்டும். முடியாத இடத்தில் தடுப்பும் விளக்கும் வைக்க வேண்டும். எல்லா மூடிகளும் போடப்பட்டதைப் பொறியாளர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் இதற்கு உத்தரவு பிறப்பிக்குமாறு மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.